எப்சிபாவின் மணிக் கணக்கு

எங்கள் ஹேசல்கோட் கிராமத்தில் யாராவது இறந்தால் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டியதில்லை. தேவாலயக் கோபுரத்திலிருக்கும் பெரிய மணி சொல்லிவிடும். மும்மூன்றாக மூன்று தடவை அடித்தால் ஆண். இரண்டிரண்டாக மூன்று தடவை அடித்தால் பெண். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. மணி ஆரம்பித்ததும் கொல்லர் சம்மட்டியைக் கீழே வைத்துவிடுவார். துணி துவைக்கிறவள் சோப்பு நுரைக்குள் கையை வைத்தபடியே நின்றுவிடுவாள். ஊரே உதட்டை அசைத்து எண்ணும். எழுபத்தாறு வயதில் ஊரில் எத்தனை ஆண்கள் இருந்துவிடப் போகிறார்கள்? மணி ஓய்வதற்குள் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

நான் ஒபதியா டர்வெல், வண்டிச் சக்கரம் செய்கிற தச்சன். ஊருக்குச் சவப்பெட்டியும் நான்தான் செய்கிறேன். ஆகவே மற்றவர்களைவிடக் கொஞ்சம் கவனமாகவே எண்ணுவேன்.

மணியடிப்பது எப்சிபா கிரடக். முதலில் அவள் புருஷன் ரூபன்தான் கோயில்பிள்ளையாக இருந்தான். மணியடிப்பது, குழி வெட்டுவது, கோயிலைப் பெருக்குவது, குளிர்காலத்தில் கணப்பு மூட்டுவது எல்லாம் அவன் வேலை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு யார் மணியடிப்பது என்று தெரியாமல் நாங்கள் ஆண்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். எப்சிபா மாவு படிந்த கையோடு வந்தாள். எங்களைத் தாண்டிக் கோபுரத்துக்குள் போனாள். ஒன்பதும் நாற்பத்து நான்கும் அடித்துவிட்டு வெளியே வந்தாள். மறுநாள் குழியையும் அவளே வெட்டினாள். ‘ஓர் ஆண் கிடைக்கும்வரை எப்சிபா பார்த்துக்கொள்ளட்டும்’ என்று அப்போதிருந்த கிழப் பாதிரியார் ஊர்க்கூட்டப் புத்தகத்தில் எழுதி வைத்தார். ஆணை யாரும் தேடவில்லை. எப்சிபா வெட்டிய குழியைப் பார்த்த எவனுக்கும் அந்த வேலைக்கு மனுப் போடும் துணிச்சல் வராது. அவ்வளவு நேரான சுவர்.

அவளுக்கு எழுதப் படிக்க வரும், ஆனால் கயிறு இழுக்கும்போது மனசுக்குள் எண்ணுவதை நம்பமாட்டாள். இறந்தவரின் வயதுக்குக் காய்ந்த மொச்சைக்கொட்டைகளை எண்ணி ஏப்ரனின் வலது பையில் போட்டுக்கொள்வாள். ஓர் அடிக்கு ஒரு கொட்டை இடது பைக்கு மாறும். வலது பை காலியானால் மணி ஓயும். வயதையும் வீட்டார் வாய்ச்சொல்லை நம்பிப் போடமாட்டாள். ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கயிற்றில் கை வைப்பாள். மேட்டுப் பண்ணைக்காரர்கள் தங்கள் அப்பாவுக்கு எண்பது என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினார்கள். எப்சிபா எழுபத்தெட்டோடு நிறுத்திக்கொண்டாள். அந்த வீட்டார் இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

போன இலையுதிர் காலத்தில் புதுப் பாதிரியார் ஆல்சப் வந்து சேர்ந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சின்ன வயசு, எதையாவது சரிசெய்ய வேண்டும் என்ற நமைச்சல், அவ்வளவுதான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை குழிக்குள் நிற்பதைப் பார்த்து அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் வண்டிக்காரன் கிப்பின்ஸுக்கு அந்த வேலையைக் கொடுக்க நினைத்தார். உடனே மாற்றினால் ஊர் கத்தும் என்று தெரிந்து, எப்சிபாவைக் கூப்பிட்டு மரியாதையாகவே சொன்னார்: “ஒரு பிசகு நடக்கட்டும் அம்மா, ஒரே ஒரு பிசகு. ஈஸ்டருக்கு நடக்கும் ஊர்க்கூட்டத்தில் வேறு ஆள் போட்டுவிடுவேன்.”

வேலை போனால் வீடும் போகும். கல்லறைத் தோட்டத்து வாசலில் இருக்கும் அந்தச் சின்ன வீடு கோயிலுடையது. அப்புறம் அவள் ஸ்விண்டன் நகரத்தில் மகள் வீட்டு மாடியில் போய்க் கிடக்க வேண்டியதுதான். கீழே மீன் பொரிக்கிற கடை. எப்சிபாவுக்கு மீன் நாற்றம் ஆகாது, மருமகன் அதைவிட ஆகாது.

இந்த நிலைமையில்தான் லெட்டிஸ் பின்னக் படுக்கையில் விழுந்தாள்.

லெட்டிஸ் எங்கள் ஊர் மாவு மில்காரர் மகள். பதினெட்டு வயதில் பெரிய இடத்துச் சீமாட்டிக்கு உடுத்திவிடும் வேலைக்கு ஊரைவிட்டுப் போனவள், பல வருஷம் கழித்து ஒரு புருஷனோடும் முப்பத்தொரு வயதோடும் திரும்பி வந்தாள். அந்த முப்பத்தொன்றை அவள் எங்கே பிடித்தாள் என்பது ஊருக்குப் புரியவில்லை. அவளோடு ஒன்றாக விளையாடியவர்கள் கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் அவள் வயதைச் சொன்னால் தங்கள் வயதும் வெளியே வரும். அதனால் வாயைத் திறக்கவில்லை. இங்கே தையற்கடை வைத்தாள். ஊரில் நல்ல உடுப்பு என்று சொல்லத்தக்கது எல்லாம் அவள் கை பட்டதுதான். புருஷன் ஆம்ப்ரோஸ் சேணம் தைக்கிறவன், வெளியூர்க்காரன், பெரிய தாடி. “என் சின்னப் பொண்டாட்டி” என்று சொல்லாமல் அவன் வாயிலிருந்து ஒரு பேச்சு வராது. இப்போது அவன் கணக்குக்கு அவனுக்கு ஐம்பத்தெட்டு, அவளுக்கு ஐம்பத்தைந்து.

மார்ச் மாதம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. டாக்டர் இரண்டு தடவை வந்தார், மூன்றாம் தடவை வரவில்லை. சாய்ந்து உட்கார ஒரு பலகை வேண்டும் என்றார்கள். செய்து எடுத்துக்கொண்டு போனேன். எப்சிபா சூப் கிண்ணத்தோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் சின்ன வயசிலிருந்தே சண்டை போட்டுக்கொண்டே சிநேகமாக இருந்தவர்கள்.

“ஒபதியா, பெட்டிக்குள்ளே என்ன துணி போடப் போறே?” என்று கேட்டாள் லெட்டிஸ், மூச்சு வாங்கிக்கொண்டே.

“இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?”

“பழைய பாதிரியாருக்கு ஒரு மஞ்சள் துணி போட்டியே, அது வேண்டாம். என் நிறத்துக்கு எடுக்காது. வெள்ளை போடு. மடிப்பெல்லாம் ஒரே அளவா இருக்கணும். உன் தையலை நான் பார்த்திருக்கேன், ரோடாவை விட்டுத் தைக்கச் சொல்லு.” ரோடா என் மனைவி. அப்புறம் எப்சிபா பக்கம் திரும்பினாள். “எப்சி, ஐம்பத்தஞ்சு. சரிதானே?”

“என்ன ஐம்பத்தஞ்சு?”

“நடிக்காதேடி. மணி.”

“புத்தகத்திலே என்ன இருக்கோ, அதுதான்.”

“புத்தகம் கிடக்குது. ஆம்ப்ரோஸ் கடை வாசல்லே நின்னு எண்ணிக்கிட்டு இருப்பான். இருபத்துநாலு வருஷமா என்னைச் சின்னப் பொண்ணுன்னே நினைச்சுக்கிட்டிருக்கான். நான் செத்த துக்கம் போதாதா அவனுக்கு? அதே நாள்லே இது வேறயா?”

“லெட்டி, இந்தக் கையாலே நான் பொய் அடிச்சதில்லை. உனக்காக ஒண்ணு குறைச்சா, நாளைக்கு ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் வரிசையிலே வந்து நிப்பாங்க.”

“அப்போ நான் சாகவே மாட்டேன், போ!”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சூப்பையாவது குடி என்றதற்குப் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். சாவுக்குப் பயப்படாதவள் மணிக்குப் பயந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சை என்னவோ பண்ணவும் செய்தது.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை காலையில் லெட்டிஸ் போய்விட்டாள். பாதிரியார் வீட்டுக்கும் எப்சிபாவுக்கும் செய்தி போன கையோடு, எங்கள் ஊர் மதுக்கடையில் மணி எத்தனை அடிக்கும் என்று பந்தயம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வெட்கக்கேடுதான், ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே. கொல்லர் அறுபது என்றார். பால்காரன் அறுபத்து மூன்று என்றான். தோற்றவன் ஜெயித்தவனுக்கு பீர் வாங்கித் தர வேண்டும். நானும் ஓர் எண் சொன்னேன். அதை இங்கே சொல்லப் போவதில்லை.

மணி ஆரம்பித்தது. இரண்டு, இரண்டு, இரண்டு. நிறுத்தம். பிறகு வயது. நான் பட்டறை வாசலுக்கு வந்தேன். ரோடா பாதி உரித்த உருளைக்கிழங்கோடு வந்து நின்றாள்.

“ஐம்பத்தஞ்சு” என்றாள். மணி நிற்கவில்லை. “அப்படிப் போடு! எனக்குத் தெரியும்!”

அறுபது ஆயிற்று. அறுபத்து மூன்று ஆயிற்று. பால்காரன் தொப்பியைத் தரையில் எறிந்தான். எழுபது. ரோடாவின் முகத்திலிருந்த சந்தோஷம் மெல்லக் குறைந்தது.

“எழுபதா? இருக்காதுங்க. அவ என்னோட நடனம் ஆடியிருக்கா.”

எண்பது. கொல்லர் உலைக்களத்தைவிட்டுத் தெருவுக்கே வந்துவிட்டார். தொண்ணூறு. பாதிரியார் கழுத்தில் கட்டிய துண்டோடு, வாயில் முட்டையோடு கோபுரத்தைப் பார்த்து ஓடினார். கோபுரக் கதவு உள்ளே தாழ்ப்பாள். அவர் கதவைத் தட்டுகிற சத்தம் ஒரு பக்கம், மணி ஒரு பக்கம். நூறு ஆனபோது ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. நூற்று நான்கில் மணி ஓய்ந்தது.

அப்புறம் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், அவ்வளவுதான், தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது. துக்கம் கேட்கப் போனவர்கள் எல்லாம் ஏப்ரனால் வாயை மூடிக்கொண்டுதான் போனோம். பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கோபுர வாசலில் பாதிரியார் எப்சிபாவைப் பிடித்துக்கொண்டார்.

“நூற்று நான்கா? அவள் புருஷன் ஐம்பத்தைந்து என்று சொல்லியிருக்கிறானே!”

“விதைக்கிற காலம் ஐயா. தோட்டத்திலே ஊன்ற வச்சிருந்த மொச்சையும் அதே பையிலே கிடந்திருக்கு. பை காலியாகிற வரைக்கும் அடிச்சிட்டேன். பிசகுதான்.”

“மேலே போய்ச் சரியாக இன்னொரு தடவை அடி.”

“ஒரே ஆத்துமாவுக்கு ரெண்டு தடவை அடிச்சா, இன்னொருத்தரையும் சேர்த்துக் கூப்பிட்ட மாதிரி ஐயா. நான் அடிக்க மாட்டேன். நீங்க வேணா அடிங்க.”

சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். பாதிரியாரும் கயிற்றைத் தொடவில்லை. “ஈஸ்டர் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

லெட்டிஸுக்கு வெள்ளைத் துணி போட்டுப் பெட்டி செய்தேன், மடிப்பெல்லாம் ரோடா கை. மூடியில் பதிக்கும் தகட்டில் பெயரை மட்டும் எழுதினேன். வயது எங்கே என்று பாதிரியார் கேட்டதற்கு, மூன்று இலக்கத்துக்கு இடம் போதவில்லை என்றேன்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. எப்சிபா வழக்கம்போல வேலை பார்த்தாள், ஆனால் கன்னம் ஒட்டிப்போனது. கிப்பின்ஸ் ஒரு நாள் அளவு நாடாவோடு வந்து அவள் வீட்டு ஜன்னலுக்குத் திரை அளந்துவிட்டுப் போனான். ஸ்விண்டன் மருமகன் ஒரு கடிதம் எழுதியிருந்தான், மாடியில் ஓர் அறையைக் காலி செய்து வைப்பதாக. அதை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். முடித்ததும், “மீன் நாத்தம் கடுதாசியிலேயே அடிக்குது” என்றாள். சிரித்தாள். ஆனால் கடிதத்தை மடித்து ஏப்ரன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இரவுச் சாப்பாட்டின்போது ரோடா தட்டை என் முன்னால் டக்கென்று வைத்தாள்.

“நாளைக்கு நீங்க எப்சிபாக்காவுக்குக் கை தூக்கணும்.”

“தூக்கத்தான் போறேன். உனக்கென்ன இவ்வளவு ஆத்திரம்?”

“அந்தக் கிப்பின்ஸ் வந்தான்னா புத்தகத்தைப் பார்த்து அப்படியே எண்ணி அடிச்சிடுவான். ஒரு ஈவு இரக்கம் இருக்காது.”

“அடிக்கட்டுமே. உனக்கு நாற்பத்தாறுதானே?”

ரோடா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, பாத்திரம் தேய்க்க வேண்டியிருக்கிறது என்றாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் எனக்கு அன்றுதான் முதல் சந்தேகம் வந்தது. கொல்லர் வீட்டிலும் அதே பேச்சு, பால்காரன் வீட்டிலும் அதே பேச்சு என்று மறுநாள் தெரிந்தது.

கூட்டம் கோயிலை ஒட்டிய அறையில் நடந்தது. நாங்கள் பதினேழு ஆண்கள் பெஞ்சில். எப்சிபா நின்றுகொண்டிருந்தாள், கறுப்பு உடுப்பு, லெட்டிஸ் தைத்துக் கொடுத்தது. ஆம்ப்ரோஸ் கடைசிப் பெஞ்சில் தாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் சத்தம் போடவில்லை, வெறுமனே நின்றார்கள்.

“பிசகு என்று ஒத்துக்கொள்கிறாயா?” என்று கேட்டார் பாதிரியார்.

“ஒத்துக்கிறேன் ஐயா.”

“ஒரு பிசகு நடந்தால் என்ன என்று முன்னமே சொல்லியிருந்தேன்.”

“சொன்னீங்க ஐயா.”

“எவ்வளவு பெரிய பிசகு என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். லெட்டிஸின் உண்மையான வயதை நானே பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.” ஞானஸ்நானப் பதிவேட்டை மேசைமேல் வைத்துத் தடித்த அட்டையைத் திறந்தார்.

எப்சிபா ஓரடி முன்னால் வந்தாள். முகம் வெளுத்துவிட்டது. வேலை போகிறது என்றபோதுகூட அவள் அப்படி ஆகவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பெஞ்ச் கிறீச்சிட்டது.

“ஐயா, அதைத் திறக்க வேண்டாம்” என்றான் ஆம்ப்ரோஸ். “மணி நூத்திநாலுன்னு சொல்லிச்சு. நான் கடை வாசல்லே நின்னு ஒவ்வொண்ணா எண்ணினேன். அறுபது ஆனப்போ கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டேன். எழுபது ஆனப்போ அழுதேன். தொண்ணூறு தாண்டினப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு ஐயா. அவ செத்த அன்னைக்கு நான் சிரிச்சேன். அவளே வந்து விலாவிலே இடிச்ச மாதிரி இருந்துச்சு. நூத்திநாலுன்னா நூத்திநாலு, இருந்துட்டுப் போகட்டும். அந்த வயசுக்கு என் லெட்டி ரொம்ப நல்லாவே இருந்தா.”

கொல்லர் மூக்கைச் சிந்தினார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம். பாதிரியார் பதிவேட்டில் விரலை வைத்தபடி ஜன்னலைப் பார்த்தார். ஊர்ப் பெண்களின் நடுவில், நீலத் தொப்பியோடு, அவர் மனைவியும் நின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மாள் தலையை லேசாக, ரொம்ப லேசாக, இடமும் வலமும் ஆட்டினாள்.

பாதிரியார் புத்தகத்தை மூடினார்.

“எப்சிபாவே இருக்கட்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம்.”

பதினேழு கை எழுந்தது. வண்டிக்காரன் கிப்பின்ஸும் தூக்கினான். அவனுக்கும் ஒரு மனைவி இருந்தாள், அவளும் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றாள். ‘ஓர் ஆண் கிடைக்கும்வரை’ என்று பாதிரியார் மறுபடியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே போட்ட கூச்சலில் கோபுரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன.

கூட்டம் கலைந்ததும் எப்சிபா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லெட்டிஸின் குழிமேட்டைச் சரிசெய்யப் போனாள். நானும் கூடவே நடந்தேன்.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்க. பிசகா அது?”

“எனக்காடா பிசகு வரும்?” என்று முறைத்தாள். “ஐம்பத்தஞ்சு அடிச்சா பொய். உள்ளதை அடிச்சா அவளுக்குத் துரோகம். நூத்திநாலை எவனாவது நம்புவானா? யாரும் நம்பாதது எப்படிப் பொய்யாகும்? ஐயாகிட்டே பிசகுன்னு சொன்னேன் பாரு, அதுதான் பொய். அதுக்கு ஆண்டவர்கிட்டே நான் பதில் சொல்லிக்கிறேன்.”

குழிமேட்டருகில் ஆம்ப்ரோஸ் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். தொப்பி கையில் இருந்தது.

“அக்கா, அவ என்னைவிடப் பெரியவதானே? எத்தனைன்னு கேட்கலை. அது மட்டும்.”

எப்சிபா மண்வெட்டியால் மண்ணைத் தட்டினாள்.

“எனக்கு எப்பவுமே அப்படி ஒரு நினைப்பு உண்டு” என்றான் அவன். “நான் முதல்லே போய்க் கேட்டப்போ, பையனையெல்லாம் கட்டிக்க மாட்டேன்னு சொல்லிச் சிரிச்சா. ஒரு குளிர்காலம் முழுக்கத் தாடி வளர்த்துக்கிட்டு மறுபடியும் போனேன். முப்பத்துநாலுன்னு சொன்னேன். எனக்கு அப்போ இருபத்தஞ்சுதான் அக்கா. அன்னையிலிருந்து அந்த ஒன்பது வருஷத்தைச் சுமந்துகிட்டுத் திரியறேன். அவகிட்டே சொல்ல வாயே வரலை.”

எப்சிபா மண்வெட்டியை ஊன்றி அவனையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கல்லறைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவனும் சிரித்தான், பிறகு அழுதான், பிறகு மறுபடியும் சிரித்தான்.

“அட பாவிகளா, ஆளுக்கு ஒரு பக்கமா வயசை இழுத்திருக்கீங்களே!” என்றாள் அவள். “அப்போ உனக்கு நாற்பத்தொன்பதா? நீ என்னைவிட ரொம்பச் சின்னவன்டா. நான்தான் முதல்லே போவேன். கயிறு இழுக்கக் கத்துக்கோ. எனக்கு நீதான் அடிக்கணும்.”

“எத்தனை அக்கா அடிக்கட்டும்?” என்று மரியாதையாகக் கேட்டான் ஆம்ப்ரோஸ்.

“இன்னைக்குக் கணக்குக்கு அறுபத்தொண்ணு. போற அன்னைக்கு எத்தனையோ அத்தனை” என்றாள் எப்சிபா. “ஒண்ணு குறைச்சே, எழுந்து வந்து கயித்தைப் பிடுங்கிடுவேன்.”